மருந்தும் சீட்டும்

நோயுற்றவர் மருந்தைத் தேடுகிறார். மருந்து கிடைத்ததும், "இது குணம் தருமா?" என்று வினவுகிறார். "தரும்" என்று வைத்தியர் சொன்னால் மனம் அமைதியடைகிறது. "தரும் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்னும் அடுத்த வினாவை எழுப்புவோர் நம்மிடையே மிகச் சிலரே. ஆயினும் மருத்துவ ஆராய்ச்சி என்று சொல்லப்படுவது அனைத்தும் அந்த இரண்டாம் வினாவுக்கு விடை தேடும் முயற்சியே ஆகும்.

விடை எளிதென்றே முதலில் தோன்றும். மருந்து கொடுத்தோம், நோய் நீங்கியது, எனவே மருந்தே நோயை நீக்கியது என்று சொல்லிவிடலாம் அல்லவா? ஒரு தெருவில் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல் கண்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் தூதுவளைக் கஷாயம் கொடுத்தார்கள். இரண்டாம் வீட்டில் ஆங்கில மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் வீட்டில் ஒன்றும் கொடுக்காமல் கஞ்சியை மட்டும் புகட்டினார்கள். எட்டாம் நாள் மூன்று பிள்ளைகளும் தெருவில் ஓடி விளையாடுகின்றனர். முதல் வீட்டார் கஷாயத்தைப் புகழ்கின்றனர். இரண்டாம் வீட்டார் மாத்திரையைப் புகழ்கின்றனர். கஞ்சி கொடுத்த வீட்டைப் பற்றி எவரும் பேசுவதில்லை. உண்மையில் அந்த மூன்றாம் வீடு ஒன்றுதான் நமக்குப் பாடம் சொல்லும் வீடு. அது இல்லாவிடில் மற்ற இரு வீட்டாரின் புகழுரையும் எவ்வளவு பெறும் என்பதை அறிய வழியே இல்லை.

இந்தச் சிக்கலை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். மருந்தின் தன்மையை அறிய இரு வழிகள் உண்டென்று இப்னு சீனா (980–1037) தம் 'அல்கானூன்' என்னும் பெருநூலில் வகுத்துரைக்கிறார். ஒன்று தஜ்ரிபா, மற்றொன்று கியாஸ். முன்னது செய்து பார்த்து அறிதல். பின்னது தெரிந்த ஒன்றைக் கொண்டு தெரியாத ஒன்றை ஒப்பிட்டு உணர்தல். மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இவ்விரு சொற்களும் பழகியவையே. செய்து பார்ப்பதற்கு அவர் நிபந்தனைகளையும் விதிக்கிறார். ஒற்றை நோய் உடையவரிடமே மருந்தைச் சோதிக்க வேண்டும்; பல நோய்கள் கலந்தவரிடம் சோதித்தால் எது எதைத் தீர்த்தது என்பது விளங்காது. ஒரு முறை பலித்தது போதாது. எப்பொழுதுமோ பெரும்பாலுமோ பலித்தாக வேண்டும். சிங்கத்திடமும் குதிரையிடமும் பலித்தது மனிதனிடமும் பலிக்கும் என்று கொள்ளலாகாது. மனித உடலிலேயே சோதித்தறிய வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாயிலும் எலியிடத்தும் வெற்றி கண்ட பல மருந்துகள் மனிதரிடம் தோற்றுப்போவதை இன்றைய ஆராய்ச்சியாளர்கள் காணும்போது, இந்த நிபந்தனையின் கூர்மை நமக்குப் புலப்படுகிறது.

அவருக்கும் முற்பட்டவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி. கி.பி. 925-ஐ ஒட்டி மறைந்தவர். 'ஸிர்ஸாம்' எனப்படும் மூளைச் சவ்வு அழற்சியின் முன்குறிகள் தென்பட்டவர்களுள் ஒரு சாராருக்குக் குருதி வடித்ததாகவும், மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டதாகவும், உண்மை இன்னதென்று தெளிவதற்காகவே அப்படிச் செய்ததாகவும் 'அல்ஹாவி'யில் அவர் எழுதி வைத்திருக்கிறார். சிகிச்சை பெற்றவரை மட்டும் பார்த்தால் போதாது, பெறாதவரையும் அருகே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வைத்தியர் உணர்ந்திருக்கிறார்.

இதைச் சொல்லி, எல்லாவற்றையும் நம்மவரே கண்டுவிட்டனர் என்று தலைப்பாகையை உயர்த்திக் கட்டிக்கொள்வது நம் நோக்கமன்று. ராஸியின் எண்ணம் சரியானது. அவர் அடைந்த முடிவோ நிலைக்கவில்லை. குருதி வடிப்பதால் அந்நோய் தீராது என்பதை இன்று மருத்துவம் அறியும். அவருக்குப் பின்னும் பல நூற்றாண்டுகள் கிழக்கிலும் மேற்கிலும் வைத்தியர்கள் குருதி வடித்துக்கொண்டே இருந்தார்கள். பாரிஸ் நகரில் பியேர் லூயி என்னும் மருத்துவர், நிமோனியா கண்டவர்களுள் முன்னாளில் குருதி வடிக்கப்பட்டவர் எத்தனை பேர் இறந்தனர், பின்னாளில் வடிக்கப்பட்டவர் எத்தனை பேர் இறந்தனர் என்று எண்ணிப் பார்த்து 1835-இல் நூலாக வெளியிட்ட பிறகுதான், அச்சிகிச்சையால் விளையும் நன்மை நம்பப்பட்டதைவிட மிகக் குறைவென்பது வெளிப்பட்டது. அறிவிற் சிறந்தவர்களையும் அனுபவம் ஏமாற்றக்கூடும். யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வைத்தியரின் கையில் இருக்கும்வரை, பிழைக்கக்கூடியவரையே தம்மை அறியாமல் அவர் தேர்ந்தெடுத்துவிடலாம். பிழைத்தவர் உடல்வலிமையால் பிழைத்திருப்பார். புகழ் மருந்துக்குப் போய்ச்சேரும்.

இந்நூற்செய்திகளை எல்லாம் நாம் மீண்டும் புரட்ட நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், நம்மிடம் ஓதும் பிள்ளை ஒருவனின் தந்தை நம்மைத் தேடி வந்தார். ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கையில் ஏழெட்டுப் பக்கத் தாள்கள். அவருடைய தம்பிக்கு நுரையீரலில் காசநோய் கண்டிருந்தது. வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையையும் நான்கு மாதத்தில் முடியும் புதிய சிகிச்சையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு ஒன்று நடைபெறுகிறது என்றும், அதில் சேர விருப்பமா என்று யோசித்துச் சொல்லும்படியும் மருத்துவமனையில் ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

"ஹஜ்ரத், யாருக்கு எந்த மருந்து என்பதைக் கம்ப்யூட்டரில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்களாம். இது சூதாட்டம் ஆகாதா? எந்த மருந்து நல்லது என்று டாக்டருக்கே தெரியாவிட்டால் அவரிடம் நாங்கள் ஏன் போக வேண்டும்? என் தம்பி என்ன சோதனை எலியா?" என்று ஒரே மூச்சில் கேட்டார்.

இம்மூன்று வினாக்களும் அறியாமையால் எழுந்தவை அல்ல. உடன்பிறந்தவன் மீதுள்ள பாசத்தால் எழுந்தவை. பெரும் பட்டம் பெற்றவர்களும் கேட்கத் தயங்குபவை. எனவே ஒவ்வொன்றுக்கும் தக்க விடை சொல்வது கடமை என்று கருதினோம்.

முதல் வினா சீட்டைப் பற்றியது. சூதில் ஒருவரின் இழப்பே மற்றவரின் ஆதாயம். ஃபிக்ஹு நூல்களில் 'குர்ஆ' என்று பேசப்படும் சீட்டுமுறையோ வேறு. பலர் சம உரிமை உடையவராக இருந்து, ஒருவரை முற்படுத்த எக்காரணமும் இல்லாதபோது, மனச்சாய்வு உள்ளே நுழையாமல் தடுப்பதற்காகச் சீட்டெடுப்பதை மார்க்கம் அறியும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது, தம் துணைவியருள் யாரை உடன் அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டெடுத்தே முடிவு செய்வார்கள் என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள செய்தி. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உரிமை சமமாக இருக்கும்வரையில்தான் சீட்டு நீதியாகும். ஒருவருடைய உரிமை தெளிவாகிவிட்ட பின்னர் சீட்டெடுப்பது அநீதி. மருத்துவ ஆய்வுக்கும் இதுவே அளவுகோல் என்று நாம் துணிந்து சொல்வோம். இரு சிகிச்சைகளுள் எது மேலானது என்பது மெய்யாகவே தெரியாதபோது சீட்டு நியாயம். தெரிந்த பின்னர் அது துரோகம்.

காசநோய் மருந்தின் வரலாறே இதற்குச் சான்று. அந்நோயை முதன்முதலில் அடக்கிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. போரினால் பொருள் வற்றியிருந்த பிரிட்டனால் அதைச் சிறிதளவே வாங்க முடிந்தது. எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை. அது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதும் உறுதியில்லை. அந்நிலையில் பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர் ஒரு வழி வகுத்தார். 1947-இல் 107 நோயாளர்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். யார் எத்தரப்பு என்பதைத் தற்செயல் எண்களால் முன்னரே தீர்மானித்து, உறையிலிட்டு ஒட்டிவைத்தனர். நோயாளர் ஆய்வில் ஏற்கப்பட்ட பிறகே உறை பிரிக்கப்பட்டது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு அக்கால வழக்கப்படி ஓய்வு மட்டும். எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு எது யாருடைய படம் என்பது மறைக்கப்பட்டது. ஆறு மாதம் கழிந்தபோது மருந்து பெற்றோரில் 4 பேரும், பெறாதோரில் 14 பேரும் இறந்திருந்தனர். 1948-இல் முடிவு வெளியாயிற்று.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. மருந்து பெற்றவர் பலரின் சளியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது, அக்கிருமிகள் மருந்தை எதிர்த்து வாழக் கற்றுக்கொண்டுவிட்டன என்பது தெரியவந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல இரு தரப்புக்கும் இடையே இருந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. காசநோய்க்கு ஒரே மருந்தைத் தனியாகக் கொடுக்கலாகாது, சேர்த்தே கொடுக்க வேண்டும் என்ற விதி இவ்வாறுதான் பிறந்தது. படுக்கையருகே கண்டதற்குக் காரணத்தை ஆய்வுக்கூடம் சொன்னது. ஆய்வுக்கூடம் சொன்னதை மீண்டும் படுக்கையருகே சோதித்தறிந்தனர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி.

இரண்டாம் வினா, டாக்டருக்கே தெரியாதா என்பது. இதற்கு விடை நம் சென்னையிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் காசநோய் என்றால் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவும் கிடைக்கும் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைப்பதே மருத்துவம். தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் நோயாளர் எண்ணிக்கையின் முன்னே படுக்கைகள் எம்மாத்திரம்? வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன? சத்துணவுக்கு வழியில்லாத, ஒரே அறையில் குடும்பம் முழுவதும் உறங்குகிற ஏழையிடம் மருந்து வேலை செய்யுமா? உடனிருப்பவர்களுக்கு நோய் தொற்றாதா? எந்த டாக்டருக்கும் இதற்கு விடை தெரியாது. தெரியும் என்று சொன்னவர்கள் ஊகத்தையே சொன்னார்கள்.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் அதனை வழிநடத்தினார். நகரத்து ஏழை நோயாளர் 193 பேரைச் சீட்டுமுறையில் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்துக்கும் மறு சாராரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினர். இரு சாராருக்கும் ஐசோனியாஸிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகள், ஓராண்டுக் காலம். வீட்டில் இருந்தவர்கள் மருந்தை உண்மையில் உட்கொள்கிறார்களா என்று அறிய, சொல்லாமல் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

1959-இல் முடிவு வெளியானபோது உலகமே வியந்தது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். உணவிலும் ஓய்விலும் இடவசதியிலும் அவ்வளவு தாழ்ந்திருந்தும் வேறுபாடு இவ்வளவே. ஐந்தாண்டுகள் குடும்பத்தாரைத் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்ததால் மற்றவர்களுக்குக் கூடுதலாக நோய் காணவில்லை என்பதும் தெரிந்தது. அதன் பின் காசநோய்க்காக வீட்டையும் மக்களையும் பிரிய வேண்டிய நிலை உலகின் பல நாடுகளில் மறைந்தது. ஜவுளிக்கடைக்காரரின் தம்பி இன்று தம் வீட்டிலேயே இருந்து மருந்து உட்கொள்கிறார் என்றால், பெயர் தெரியாத அந்த 193 சென்னை ஏழைகளுக்கே அவர் கடன்பட்டவர். "எங்களுக்குத் தெரியாது" என்று டாக்டர்கள் துணிந்து ஒப்புக்கொண்டதனால் விளைந்த நன்மை இது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் கல்வியில் ஒரு பாதி என்று நம் உஸ்தாதுமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

மூன்றாம் வினாவே மிகக் கடியது. சோதனை எலி என்ற அச்சம் வீண் அச்சமன்று. அமெரிக்காவின் டஸ்கிகீ என்னும் ஊரில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஏழைகள் 399 பேரை, அந்நோய் சிகிச்சையின்றி எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதற்காகவே வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நோயின் உண்மை சொல்லப்படவில்லை. 1940-களில் பென்சிலின் அந்நோய்க்கு மருந்தென்று நிலைபெற்ற பின்னும் அது கொடுக்கப்படவில்லை. செய்தித்தாள்கள் அம்பலப்படுத்திய பிறகே அது நின்றது. நாம் முன்னே சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். எது நல்லது என்று தெரிந்த பின்னும் மறைத்தார்கள். அதனால் அது ஆராய்ச்சி என்ற பெயரில் நடந்த கொடுமை.

இத்தகைய கொடுமைகளைத் தடுக்கவே விதிகள் எழுந்தன. உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஹெல்சிங்கி நகரில் ஒரு பிரகடனத்தை வெளியிட்டது. நம் நாட்டில் 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், நெறிக்குழுவின் அனுமதி இன்றிப் புதிய மருந்தை மனிதரிடம் சோதிக்கலாகாது என்கின்றன. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன. படிக்கத் தெரியாதவராயின், ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கலாகாது. எலியிடம் யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. அந்த ஏழெட்டுப் பக்கங்களே மனிதனை எலியிலிருந்து பிரிக்கின்றன. ஆனால் படிக்காமல் கையெழுத்திட்டால் அந்த வேற்றுமையை நாமே அழித்தவர்கள் ஆவோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "தம்பி எங்கே?" என்று கேட்டோம். "கடையில் இருக்கிறான். அவனுக்கு என்ன தெரியும் ஹஜ்ரத்? நான்தான் முடிவு செய்ய வேண்டும்" என்றார். "நோய் அவருடையது, உடல் அவருடையது, ஒப்புதலும் அவருடையதே. அவரை அழைத்து வாருங்கள்" என்றோம். மறுநாள் இருவரும் வந்தனர். முப்பது வயது இளைஞர். படிவத்தை வரி விடாமல் படித்தார். இடையில் விலகினால் வழக்கமான மருந்து கிடைக்குமா, புதிய மருந்தினால் என்னென்ன தொல்லைகள் வரலாம் என்ற இரண்டைத் தாளில் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடமே கேட்டார். விடை மனத்துக்கு ஒத்துவரவே, தாமே கையெழுத்திட்டார்.

சீட்டில் அவருக்கு விழுந்தது பழைய ஆறு மாதச் சிகிச்சை. தமையனாருக்கு வருத்தம். "இத்தனை பாடுபட்டும் பழைய மருந்துதானா?" என்றார். நாம் அவருக்குச் சொன்னது இதுதான்: "புதிய மருந்தே சிறந்தது என்று நீங்கள் எப்படி முடிவு கட்டினீர்கள்? அதை அறியத்தானே இந்த ஆய்வு! நன்கு அறியப்பட்ட மருந்து உங்கள் தம்பிக்குக் கிடைத்திருக்கிறது. அதோடு, அவரைப் போன்றவர்கள் அருகே நில்லாவிட்டால் புதியதின் தரத்தை எவராலும் அளக்க முடியாது. தராசில் ஒரு தட்டு மட்டும் இருந்தால் துணியை நிறுக்க முடியுமா?" வியாபாரி ஆதலால் தராசு அவருக்கு விளங்கிற்று. தம்பி ஆறு மாதமும் தவறாமல் மருந்து உண்டு நலம் பெற்றார். ஆய்வின் முடிவு வர இன்னும் காலம் ஆகும்.

முடிவு எப்பொழுதும் விரும்பியவாறே வரும் என்பதும் இல்லை. 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பெரிய அளவில் சோதித்தனர். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்கு கொண்டனர். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபின், வளர்ந்தவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே தெரிந்தது. குழந்தைகளைத் தாக்கும் கொடிய காசநோய் வகைகளைத் தடுப்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது. அம்மக்களின் உழைப்பு வீணாகவில்லை. பொய்யான நம்பிக்கையிலிருந்து விடுபடுவதும் ஒரு பேறே.

ஒரு காலத்தில் கண்ட விடை மற்றொரு வினாவுக்கு வழிதிறப்பதும் உண்டு. மருந்து சரியாக இருந்தால் உணவு குறைந்தாலும் நோய் அடங்கும் என்று அன்றைய சென்னை ஆய்வு காட்டியது. அப்படியாயின் உணவுக்கு ஒரு பங்கும் இல்லையா? ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு இதற்கு மறுமொழி தந்தது. காசநோயாளரோடு ஒரே வீட்டில் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரு தரப்பாக்கி, ஒரு தரப்பாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தனர். அத்தரப்பில் புதிதாக நோய் கண்டவர் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தனர். வந்த நோயை அடக்குவது மருந்து; வீட்டில் மற்றவருக்கு வராமல் காப்பதில் சோற்றுக்கும் பங்குண்டு. இரண்டு ஆய்வும் முரண்பட்டவை அல்ல. இரு வேறு வினாக்களுக்கு இரு வேறு விடைகள்.

நம் இல்லங்களில் இன்று இரு பழக்கங்கள் நிலவுகின்றன. ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சி ஓடுவது ஒன்று. நீட்டிய தாளில் கேளாமல் கையெழுத்திடுவது மற்றொன்று. மனைவிக்காகக் கணவரும், தாய்க்காக மகனும் கையெழுத்திட்டுவிட்டு உரியவரிடம் சொல்லாமலே விடுவதும் நடக்கிறது. இவை எதுவும் தகாது. எந்த இரண்டை ஒப்பிடுகிறீர்கள்? எது மேல் என்பது உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா? என்ன தீங்கு நேரலாம், நேர்ந்தால் யார் பொறுப்பு? சேராவிட்டால் என்ன சிகிச்சை? முடிவை எங்களுக்கும் சொல்வீர்களா? இவ்வைந்தையும் நோயுற்றவரே கேட்கட்டும். அவர் பெண்ணாயினும் கேட்கட்டும். எழுத்தறியாதவராயின் வீட்டுப் பிள்ளை படித்துக் காட்டட்டும். மனம் ஒப்பினால் சேரட்டும். ஒப்பாவிட்டால் தலைநிமிர்ந்து மறுக்கட்டும்.

நாம் இன்று விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும், முன்பின் அறியாத யாரோ சிலர் சீட்டின் இரு பக்கங்களிலும் நின்று அளந்து தந்தது. அவர்களுள் புதிய மருந்து பெற்றவரும் உண்டு, பெறாதவரும் உண்டு. இரு சாராரும் நம் நன்றிக்கு உரியவர்கள். அவர்கள் வரிசையில் நிற்க நம் வீட்டார் அழைக்கப்படும் நாளில், அஞ்சாமலும் அவசரப்படாமலும் விடை சொல்ல நாம் பழகிக்கொள்வோமாக.